பழுக்கும் காலமும் கணக்கு முடிக்கும் காலமும்

சென்ற வைகாசி மாதத்தில் படப்பைப் பக்கத்துச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். நாற்றங்கால் வைத்து மரக்கன்று வளர்த்து விற்கும் சாகுபடியாளர் சங்கம் அது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிய பெரிய லாரிகள் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தன. சாலையை விட்டிறங்கி ஏரிக்கரை மேல் நடந்து சென்றபோது, சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஒரு பழைய உலக்கைப்பாலை மரத்தின் அடியில் குந்தியிருந்து, உதிர்ந்து கிடந்த மஞ்சள் நிறப் பழங்களைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வணங்கிவிட்டு, சற்றுத் தயக்கத்தோடு, "ஐயா, இந்தக் கூலியைச் சிட்டாவிலே எழுதலாமா? போன தடவை நீங்கள் ஆட்சேபணை எழுதிவிட்டீர்கள்" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் குற்றமில்லை. ஆட்சேபணை எழுதியவன் நானேதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அச்சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, மே, ஜூன் மாதங்களில் "விதை பொறுக்கும் கூலி" என்று பல நாட்களுக்குத் தொடர்ந்து செலவு எழுதப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக இருப்புப் பதிவேட்டில் ஒரு கன்றுகூட ஏறவில்லை. புதிய ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை நிர்வாகக் குழு அப்போது ஒப்புக்கொண்டிருக்கவுமில்லை. ஒப்புதலுக்கு முன் செய்த செலவு, விளைவு காட்டாத செலவு என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டுத் திரும்பினேன். சட்டப்படி அது சரி. கல்லூரியில் தாவரவியல் பயின்று பட்டம் பெற்ற எனக்கு, அது வேறு எந்த வகையிலும் சரியன்று என்பது அன்று தோன்றாமற் போனதுதான் வெட்கம்.

மறு ஆண்டு சங்கத்தார் அச்சமடைந்து, ஒப்புதல் வரும்வரை காத்திருந்தனர். ஒப்புதல் ஆவணியில் வந்தது. அதற்குள் மரங்களின் அடியில் எஞ்சியிருந்தவை காய்ந்த கொட்டைகளே. அவற்றையும், யாரோ வீட்டில் உலர்த்தி வைத்திருந்த நாவற்கொட்டைகளையும் வாங்கித் தாய்ப்பாத்தியில் விதைத்தனர். நாவல் ஒன்றுகூட முளைக்கவில்லை. பாலை பத்துக்கு ஒன்று தலை காட்டிற்று. காட்டை மீட்கும் பணியினர் சிலர் அச்சங்கத்தினிடம் கேட்டிருந்த கன்றுகளை அவ்வாண்டு கொடுக்க இயலவில்லை. ஒரு பருவம் தவறியதால் இழந்தது ஓர் ஆண்டு. பாலை போன்ற மெதுவாய் வளரும் மரங்களைப் பொறுத்தவரை இரண்டு ஆண்டுகள் என்றே கூறவேண்டும்.

இந்த நிகழ்ச்சியை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், நமது பக்கத்து ஊராகிய வண்டலூரில்தான் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துதல் அதன் நோக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளும் தங்கள் வளாகங்களில் மரம் நடுகின்றன. ஆகவே கன்றுகளுக்குத் தேவை பெருகியிருக்கிறது. அத்தேவையை நிறைவு செய்யும் நாற்றங்கால்களுள் நம் அங்கத்தினர்களுடையவையும் உண்டு. கேட்டவுடன் கொடுக்கத்தக்கவை எவை? விதை எளிதாய்க் கிடைத்து, ஆறு மாதத்தில் ஆள் உயரம் வளரும் மரங்கள். இந்த மண்ணுக்கு உரிய மரங்களோ அவ்வாறு அவசரப்படுவன அல்ல.

இந்த மண்ணுக்கு உரியவை எவை என்று வினவுவோருக்குச் சிறிது விளக்கம் தேவை. விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை சோழமண்டலக் கரையையொட்டி, கடலிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் உள்ளே வரைக்கும், முற்காலத்தில் ஒரு தனி வகைக் காடு பரவியிருந்தது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திச் சாம்பியன், சேத் என்ற இருவரும் 1968இல் வெளியிட்ட நூலில் அதற்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தனி இடம் அளித்துள்ளனர். பெயரே முரண்பட்டதுபோல் தோன்றும். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் மழையில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. ஆயினும் சித்திரை வெயிலிலும் இம்மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. தடித்து, தோல்போன்று, பளபளப்பாக இருக்கும் சிறிய இலைகளே அவற்றின் காப்பு. உலக்கைப்பாலை, காசா, வீரை, இரும்பிலி, காட்டு எலுமிச்சை, நாவல், இவற்றின் இடையே களா, சூரை முதலிய முட்புதர்களும் பலவகைக் கொடிகளும் நெருங்கி நிற்கும். மிக உயர்ந்த காடன்று. நான்கு ஆள் உயரத்துக்கு மேல் எழுவது அரிது.

இன்று அதில் எஞ்சியவை துண்டு துண்டானவை. அவற்றுள் பலவற்றைக் காத்தவர் வன அதிகாரிகள் அல்லர், ஐயனாரும் அம்மனுமே. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அறிஞர் பலர் தேடிச் சென்று ஆராய்ந்த இடம். கடலூர்ப் பக்கத்தில் குழந்தைகுப்பம், திருமாணிக்குழி ஆகிய ஊர்களின் கோயிற்காடுகளிலும் புதுவைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் மரங்களுக்கு எண் இட்டு ஆண்டுதோறும் அளந்து வந்திருக்கின்றனர். நம் பக்கத்தில் வண்டலூர்க் காப்புக்காடும், நன்மங்கலக் காடும், கிண்டியும், ஏரிக்கரைகளில் தனித்து நிற்கும் கிழட்டு மரங்களுமே மிச்சம். ஒரு கிழட்டுப் பாலை மரத்தைச் சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ வெட்டினால், இழப்பது ஒரு மரத்தை மட்டுமன்று. சுற்று வட்டாரத்து நாற்றங்கால்கள் அனைத்துக்கும் விதை தந்த தாயை.

இவ்வகைக் காட்டை மீண்டும் உண்டாக்கும் ஆராய்ச்சியில் முதல் வேலை மரம் நடுவதன்று, நடந்து பார்ப்பதே. தாவரவியலார் மாதந்தோறும், சிலர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறித்த பாதையில் நடந்து, குறித்த மரங்களை அண்ணாந்து நோக்கி எழுதிக்கொள்கின்றனர். எது தளிர் விட்டது, எது மொட்டு வைத்தது, எதில் காய், எதில் பழம், பழத்தை உண்டது மைனாவா, வௌவாலா, எறும்பா. பார்ப்பதற்கு மிக எளிய வேலை. ஆனால் ஒரு மாதம் தவறினால் அக்கணக்கில் ஓட்டை விழும். தினசரி ரொக்கச் சிட்டாவை ஒரு வாரம் எழுதாமல் விட்டுப் பிறகு நினைவிலிருந்து எழுதியது போலாகும். அத்தகைய சிட்டாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்!

இக்குறிப்புகளிலிருந்து தெரியவரும் உண்மை நமக்கு முக்கியமானது. இக்காட்டு மரங்களுள் பெரும்பாலானவை வறண்ட மாதங்களிலேயே பூக்கின்றன. அழிஞ்சில் மாசியில், இலை உதிர்த்த கிளைகளில் வெள்ளையாய்ப் பூத்து, வைகாசிக்குள் பழுத்துவிடும். காசா பங்குனியில் கிளையெல்லாம் நீலப் பூவாய் நிற்கும். திருமாலின் நிறத்துக்கு உவமையாகப் பாடப்படும் காயாம்பூ இதுவே. பாலைப் பழம் சித்திரை, வைகாசியில், களா அதையொட்டி, நாவல் ஆனி, ஆடியில். அதாவது கோடைமழையோ தென்மேற்குக் காற்றின் மழையோ மண்ணைச் சற்று நனைக்கும் தருணத்தில் விதை விழுகிறது. விழுந்த விதை அந்த ஈரத்திலேயே முளைத்து, ஐப்பசி மழை முழுவதையும் குடித்து வேரூன்றி, அடுத்த கோடையைச் சந்திக்க ஆயத்தமாகிறது.

நெல்லும் கேழ்வரகும் உலர்ந்தால் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஆகவே விதை என்றாலே உலர்த்தி வைப்பது நம் வழக்கமாகிவிட்டது. இந்தக் காட்டு விதைகளுள் பலவற்றின் இயல்பு அதற்கு நேர் எதிர். நாவற்கொட்டை ஈரத்தோடு விழுவது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் அது தாங்குவதில்லை. வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறனும் வெகு விரைவில் குன்றுவதை நம் அங்கத்தினர் அறிவர். பழத்தைப் பிசைந்து, சதை நீங்கக் கழுவி, நிழலில் நீர் வடியவைத்து, அன்றோ மறுநாளோ மணற்பாத்தியில் இட்டுவிட வேண்டும். சதையோடு இட்டால் எறும்பும் பூசணமும் கொண்டுபோகும். வெயிலில் காயவைத்தால் என் ஆய்வுக் குறிப்பின் பயன்தான் கிட்டும்.

பாலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது மிகமிக மெதுவாய் வளர்வது. சப்போட்டா ஒட்டுக்கட்டும் அங்கத்தினர் இதை நன்கு அறிவார்கள். சப்போட்டாவுக்கு அடிச்செடி இந்த உலக்கைப்பாலையே. விதை ஊன்றி ஒட்டுக்கட்டும் தடிமன் வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செல்லும். ஆகவே இந்த வைகாசியில் பொறுக்கியது அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஐப்பசியில் நடுவதற்கு ஆகும். மார்ச்சு மாதத்தில் கணக்கு முடிக்கும் எந்தப் பதிவேட்டிலும் இச்செலவு அதே ஆண்டில் வரவாகத் திரும்பாது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தமிழில் பாலை என்று முடியும் மரங்கள் பல. உலக்கைப்பாலை, வெப்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை என்பவற்றோடு கொடிப்பாலையும் உண்டு. ஒடித்தால் பால் வடிவது தவிர, உலக்கைப்பாலைக்கும் மற்றவற்றுக்கும் உறவு கிடையாது. சங்கத்துக்கு ஒருமுறை "பாலைக் கன்று" என்று எழுத்து வந்தது. இளம் எழுத்தர் வெப்பாலைக் கன்றுகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவை நல்ல கன்றுகள்தாம். ஆனால் கேட்டவர்க்கு வேண்டியது இலையுதிராத உலக்கைப்பாலை. வெப்பாலையோ கோடையில் மொட்டையாய் நிற்பது. வண்டி திரும்பி வந்தது. வாடகை யார் தலையில் என்ற வழக்கை நான்தான் தீர்த்து வைக்க நேர்ந்தது.

தாவரவியலார் மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா என்றும் ரைட்டியா டிங்க்டோரியா என்றும் வாய் நோகச் சொல்வது இதனால்தான். சொல்வதோடு நிற்பதில்லை. பூவும் காயும் இலையும் கூடிய சிறு கிளையை ஒடித்து, செய்தித்தாள்களின் இடையில் வைத்து அழுத்தி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்தி, தடித்த அட்டையில் நூலால் தைத்து, எங்கே, எந்நாள், யார் எடுத்தது என்று எழுதி ஒட்டி வைக்கின்றனர். அது ஒரு வவுச்சர் போன்றது. பின்னாளில் எவரேனும் ஐயுற்றால் எடுத்துக் காட்டலாம். காம்பிள் என்பவர் 1915 முதல் எழுதத் தொடங்கி, ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சிராப்பள்ளி ராபினட் உலர்தாவர நிலையத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மாத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரத் தொகுதிகளும் இத்தகைய அட்டைகளின் மேல் எழுந்தவையே. பூ இல்லாத கிளையைக் கொண்டு பெயர் துணிவது கடினம். ஆகவே இவ்வேலையும் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. பங்குனி வெயிலில் காட்டில் அலைபவர்களைப் பார்த்து ஊரார் சிரித்தாலும், பூவைக் காண்பதற்கு வேறு மாதம் இல்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்பவர் புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள ஆரோவிலுக்கு ஒருமுறை சென்று வரலாம். 1968 பிப்ரவரி 28ஆம் நாள் அந்நகர் தொடங்கப்பட்டபோது அம்மேட்டு நிலம் மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளாகக் கிடந்தது. அங்கே முதலில் செய்தது வரப்புக் கட்டி மழையை நிறுத்தியது; அடுத்தது ஆடுமாடு நுழையாமல் தடுத்தது. வெயில் தாங்கி விரைவில் வளரும் அயல்நாட்டு மரங்களை முதலில் நிழலுக்காக நட்டனர். நிழலும் சருகும் ஏற்பட்ட பின்னர், சுற்றுப்புறக் கோயிற்காடுகளிலிருந்து பருவந்தோறும் விதை திரட்டி, காசாவும் வீரையும் இரும்பிலியும் கருங்காலியும் அந்நிழலில் வளர்த்தனர். இன்று அங்கே பழைய காட்டு மரங்களின் தோப்புகள் நிற்கின்றன. அவ்வனுபவம் பெற்ற பிச்சாண்டிகுளத்தார் சென்னை அடையாற்று முகத்துவாரத்தில் குப்பைமேடாயிருந்த 58 ஏக்கரைச் சீர்செய்யத் துணைநின்றனர். 2011இல் அது தொல்காப்பியப் பூங்கா என்று திறக்கப்பட்டது. அடையாறு தலையெடுப்பது நமது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். ஆற்றின் வாலில் காடு வளர்த்தாயிற்று. தலையில் நாம் இன்னும் தொடங்கவில்லை.

மலைப்பக்கத்திலும் சான்று உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் இடையே சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளைத் திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகிய ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சீர்செய்து வருகின்றனர். சாலையில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருக்கும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்ப்பது அவர்கள் முறை. நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, நடாமல் தானே வளரவிட்ட இடங்களோடு ஒப்பிட்டு 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, நட்ட இடங்களே முதிர்ந்த காட்டின் தன்மையை அதிகம் நெருங்கியிருப்பதைக் காட்டிற்று. ஆனால் அங்கே நடுவது ஜூன், ஜூலையில், தென்மேற்குப் பருவத்தில். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஜூனில் நட்டால் கன்று கருகிப்போகும். நமக்கு நடவு புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும்தான்.

நெசவாளர் அங்கத்தினர் இதுவரை படித்துவிட்டு, "இதில் நமக்கென்ன?" என்று எண்ணக்கூடும். காசா மரத்தைப் பற்றி மேலே கூறினேன். அம்மரத்தின் இனம் மண்ணிலிருந்து அலுமினியத்தை இலையில் சேர்த்து வைக்கும் தன்மையது. சாயம் நூலைப் பற்றுவதற்குப் படிகாரம் எந்த வேலையைச் செய்கிறதோ அதற்கு இவ்விலையும் துணை செய்யும். மஞ்சள் நிறமும் தரும். இம்பூறல் என்னும் சாயவேரின் சிவப்போடு காசா இலையைச் சேர்த்துச் சோழமண்டலக் கரைச் சாயத்தொழிலாளர் துணி தோய்த்தனர். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இக்கரையில் சித்திரத் துணி தோய்க்கும் முறையை 1742இல் விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். வேரின் சிவப்பைத் தரும் அலிசரினை 1869இல் ஜெர்மானியர் தொழிற்கூடத்தில் செய்துவிட்டதும் சாயவேர்த் தொழில் மங்கிற்று. இன்று இயற்கைச் சாயத் துணிக்கு மீண்டும் வாங்குவோர் தோன்றியுள்ளனர். வெப்பாலை இலையின் நீலமும், நுணா வேரின் மஞ்சளும் சிவப்பும் இவ்வூர்ப் புதர்க்காடுகளிலிருந்து பெற்றவையே. இருக்கும் சில காசா மரங்களின் இலையை உருவிக்கொண்டு வரச் சொல்லவில்லை; அப்படிச் செய்தால் விதையும் போகும். சாகுபடியாளர் சங்கம் கன்று வளர்க்க, நெசவாளர் சங்கம் முன்பணம் கொடுத்துத் தனக்கென ஒரு தோப்பு நடச் செய்வதற்குத் துணைவிதிகளில் தடை ஏதும் நான் காணவில்லை.

சென்ற ஆண்டு அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவோடு அமர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். விதைத் திரட்டுச் செலவுக்கான ஒப்புதலை முந்திய ஆண்டின் மாசி மாதக் கூட்டத்திலேயே பெற்றுவிடுவது. பொறுக்கிய விதை எடையளவில் அன்றே இருப்பில் ஏறவேண்டும்; தாய்மரம் நிற்கும் இடம், பொறுக்கிய நாள், ஊன்றிய நாள், முளைத்த எண்ணிக்கை ஆகிய நான்கும் அதே வரியில் வரவேண்டும். முளை பாலித்தீன் பைக்கு மாறும்போது எடைக் கணக்கு தீர்ந்து கன்றுக் கணக்காகும். பெயருக்கு நேரே ஒரு காய்ந்த இலை ஒட்டப்பட வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டு எழுத்தர் சிரித்தார். வெப்பாலை வண்டி திரும்பி வந்ததை நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். தாய்மரங்களின் பட்டியலைத் தயாரித்ததில் ஏரிக்கரை, கோயில், சாலையோரம் எல்லாம் சேர்த்துப் பாலை பதினொன்றே தேறின. அவற்றுள் இரண்டு சாலை அகலப்படுத்தும் எல்லைக்குள் நிற்கின்றன. அவ்விரண்டைப் பற்றி வட்டாட்சியருக்குச் சங்கத்தார் மனுக் கொடுத்திருக்கின்றனர்.

ஏரிக்கரையில் பெரியவர் கேட்ட கேள்விக்கு, "எழுதுங்கள், பெரியவரே. இன்றைக்கே எழுதுங்கள்" என்றேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்து, மூன்று கிலோ இருக்கும் என்றார். கழுவிய பின் கொட்டை எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன். "அதை நாளைக்குச் சொல்கிறேன் ஐயா, இன்னும் மேற்குக் கரையில் ஒரு மரம் இருக்கிறது, அணில் தின்பதற்குள் போகவேண்டும்" என்று சொல்லித் துறட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.